குளிர்ந்த பாறை, சூடான கப்பல்

ஒஸ்லோவில் நாலு நாள் தொடர்ந்து வெயில் எறித்தால் ஆக்கர் பிருக்கேயில் கால் வைக்க இடம் கிடைக்காது. ஒருகாலத்தில் கப்பல் கட்டும் பட்டறையாக இருந்த கரை அது. இப்போது உணவகங்களும் ஐஸ்கிறீம் கடைகளும் வரிசையாக நிற்கின்றன. எங்களுடைய ஆட்களும் ஊரிலிருந்து யாராவது வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தச் சனநெரிசலின் நடுவே கறுத்த பெரிய நங்கூரம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் அதில் ஏறிச் சறுக்கி விளையாடும். என் பிள்ளைகளும் விளையாடியிருக்கிறார்கள். துறைமுகத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள் போல என்றுதான் பல வருடங்களாக எண்ணியிருந்தேன். பிறகொரு நாள் அதில் இருந்த பெயரை வாசித்தேன்: ப்ளூஷர்.

நோர்வேயின் ஏவுகணை எங்கே பிறந்தது என்று கேட்டால், ஒஸ்லோவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கோங்ஸ்பேர்க் என்ற மலையூரைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அது சரியான பதில். நான் மட்டும் இந்தக் கதையை நங்கூரத்திலிருந்து தொடங்கவே விரும்புகிறேன்.

1940 ஏப்ரல் 9, விடியப்புறம் நாலரை மணிக்குக் கொஞ்சம் முந்தி. ஜேர்மனியின் புத்தம் புதிய கனரகப் போர்க்கப்பல் ப்ளூஷர், ஒஸ்லோவைப் பிடிக்கப் படையினரையும் அதிகாரிகளையும் ஏற்றிக்கொண்டு ஃபியோர்டுக்குள் வந்தது. ட்ரோபாக் என்ற சிற்றூருக்கு முன்னால் கடல் ஒடுங்கி ஒரு வாய்க்கால் மாதிரி ஆகிவிடும். அந்த ஒடுக்கத்தின் நடுவில் இருக்கும் தீவுதான் ஒஸ்கார்ஸ்போர்க் கோட்டை. அங்கே இருந்த பெரிய பீரங்கிகள் 1890களில் ஜேர்மனியின் குரூப் ஆலையிலிருந்து வாங்கியவை. மோசே, ஆரோன், யோசுவா என்று அவற்றுக்குப் பெயர். மூன்றையும் இயக்க ஆள் போதாது. சில நாட்களுக்கு முன் வந்து சேர்ந்த புதுப் பையன்களையும் சமையற்காரரையும் கூட்டிச் சேர்த்துத்தான் இரண்டு பீரங்கிகளுக்கு ஆள் நிறுத்தினார் தளபதி பிர்கர் எரிக்சன். ஒவ்வொன்றும் ஒரு குண்டு சுட்டது. திருப்பிக் குண்டு போட நேரம் இருக்கவில்லை. இரண்டு கிலோமீற்றருக்கும் குறைந்த தூரம் என்பதால் இரண்டுமே கப்பலில் பட்டன.

எரிந்துகொண்டே கப்பல் முன்னேறியது. ஆனால் பக்கத்திலிருந்த வடக்குக் காஹொல்மன் தீவின் பாறைக்குள் என்ன இருக்கிறது என்பது ஜேர்மானியருக்குத் தெரியாது. ட்ரோபாக்கிலிருந்து படகில் ஏறினால் சில நிமிடங்களில் கோட்டைத் தீவுக்குப் போய்விடலாம். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். பாறையைக் குடைந்து செய்த குகை. உள்ளே ஈரவாடை. தண்டவாளத்தின் மேல் டார்ப்பிடோவைத் தள்ளிக்கொண்டு வந்து, இரும்புச் சட்டத்தில் ஏற்றி, கிணற்றுக்குள் வாளி இறக்குவது போல் நீருக்குள் இறக்குவார்கள். அங்கிருந்து அது கடல்மட்டத்துக்குக் கீழேயே வெளியே பாயும். வெளியில் நின்று பார்ப்பவனுக்குப் பாறை மட்டும்தான் தெரியும். அன்று ஏவிய டார்ப்பிடோக்களுக்கு ஏறக்குறைய நாற்பது வயது. ஏவ உத்தரவிட்ட அன்டர்சன் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. ட்ரோபாக்கில் வீட்டிலிருந்தவரை அந்த இரவில் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு டார்ப்பிடோக்கள் பட்டன. காலை ஏழரை மணிக்குள் ப்ளூஷர் கவிழ்ந்து அடியில் போய்விட்டது. பனிபோல் குளிர்ந்த நீரில் நூற்றுக்கணக்கான மனிதர் இறந்தார்கள். பின்னால் வந்த கப்பல்கள் திரும்பிப்போயின. அந்தச் சில மணி நேரத்தில் அரசர் ஏழாம் ஹாக்கோனும் அரசாங்கமும் பாராளுமன்றமும் ரயிலேறி ஒஸ்லோவை விட்டுப் போனார்கள்; மத்திய வங்கியின் ஏறக்குறைய 50 தொன் தங்கமும் லொறிகளில் போய்விட்டது.

ஒஸ்லோ அன்றைக்கே விழுந்தது உண்மைதான். நாடும் இரண்டு மாதத்தில் விழுந்தது. ஆனாலும் ஒரு பாடம் மிஞ்சியது. பெரிய கடற்படை இல்லாத ஒரு நாட்டிடம் பாறை இருக்கிறது, ஒடுங்கிய நீர் இருக்கிறது, காத்திருக்கப் பொறுமை இருக்கிறது. எதிரிக்குத் தெரியாத இடத்திலிருந்து ஒரேயொரு அடி சரியாகப் பட்டால் போதும். பெங்குவின் என்ற ஏவுகணையைப் பற்றி வாசிக்க வாசிக்க, அந்தக் குகையைத்தான் அவர்கள் சிறகு வைத்துப் பறக்கவிட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி கோங்ஸ்பேர்க். 1623இல் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள், ஒரு காளை கொம்பால் உரசிய பாறையில் ஏதோ மினுங்குவதைக் கண்டார்கள் என்று ஊர்க்கதை. அடுத்த வருடமே அரசர் நான்காம் கிறிஸ்தியான் அங்கே நகரம் அமைத்தார். கோங்ஸ்பேர்க் என்றால் அரசன் மலை. அந்த ஊர்ச் சுரங்க அருங்காட்சியகத்தில் வெள்ளி கிடந்தபடியே வைத்திருக்கிறார்கள். கட்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். கம்பி கம்பியாகச் சுருண்டு, ஆட்டுக் கொம்பு போல முறுகி, கல்லிலிருந்து தானாகவே வளர்ந்து வந்த மாதிரி இருந்தது. தட்டானின் கை படாமலே இப்படி ஒரு வேலைப்பாடு. முந்நூறுக்கும் மேற்பட்ட வருடங்களில் 1,300 தொன்னுக்கு மேல் வெள்ளி எடுத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் நோர்வேயின் இரண்டாவது பெரிய நகரம் இதுதான், இன்றைய ஒஸ்லோவைவிடப் பெரியது.

பிறகு வெள்ளி படுத்தது. 1805இல் சுரங்கத்தைத் தற்காலிகமாக மூடினார்கள். 1810இல் ஊரில் பெரும் தீ. வேலையில்லாமல் நின்றவர்கள் இரும்படிக்கவும் மரம் அறுக்கவும் நீர்ச்சக்கரம் கட்டவும் தெரிந்தவர்கள். அருகில் விழுந்து ஓடும் லோகன் ஆறு. சுரங்க அதிகாரி பவுல் ஸ்டேன்ஸ்ட்ருப் இந்தக் கைகளுக்கு வேலை வேண்டும் என்று நின்றார். 1814 மார்ச் 20ஆம் திகதி கோங்ஸ்பேர்க் ஆயுதத் தொழிற்சாலை தொடங்கியது. அடுத்த சில வாரங்களில் எய்ட்ஸ்வோலில் கூடி நோர்வேயின் அரசியலமைப்பை எழுதிய சபையில் கோங்ஸ்பேர்க்கின் பிரதிநிதியாக இருந்தவரும் அதே ஸ்டேன்ஸ்ட்ருப்தான். மே 17 அரசியலமைப்பு நாள் கொண்டாட்டத்துக்குக் கொடி பிடித்துக்கொண்டு போகும் எங்கள் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை: நாட்டின் சட்டமும் துப்பாக்கியும் ஒரே இளவேனிலில் பிறந்தவை.

அடுத்த நூறு வருடங்களில் அங்கிருந்து வந்ததில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். தொழிற்சாலையின் நெறியாளராக இருந்த ஒலே கிராக்கும் துப்பாக்கி வினைஞர் எரிக் யோர்கன்சனும் சேர்ந்து செய்த கிராக்-யோர்கன்சன் துப்பாக்கி. வலப்பக்கத்தில் சின்னக் கதவு. அதைத் திறந்து ஐந்து தோட்டாக்களை உள்ளே போட்டு மூடினால் அவை தாமாக வரிசையில் போய் நிற்கும். வழுக்கிக்கொண்டு ஓடும் அதன் தாழ்ப்பாளை இன்றும் துப்பாக்கிக்காரர் புகழ்கிறார்கள். டென்மார்க் 1889இலும் அமெரிக்கா 1892இலும் அதை ஏற்றன. சொந்த நாடு 1894இல்தான் ஏற்றது.

போர்க்காலத்தில் ஜேர்மானியர் தொழிற்சாலையைப் பிடித்துத் தங்களுக்காக நடத்தினார்கள். அங்கே அனுமதி பெற்றுச் செய்த கோல்ட் கைத்துப்பாக்கியின் பாகங்களைத் தொழிலாளர் ஒவ்வொன்றாக வெளியே கடத்தி, எதிர்ப்பியக்கத்துக்குக் கொடுத்தார்கள். எதில் கடத்தினார்கள்? மாட்பாக்கேயில். இங்கே பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் அது தெரியும்: பாண் துண்டுகளைக் கடதாசியில் சுற்றித் தினமும் பள்ளிக்கும் வேலைக்கும் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பொதி. அந்தத் துப்பாக்கிகளுக்கு மாட்பாக்கே கோல்ட் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

போர் முடிந்தபின் இங்கிலாந்திலிருந்து ஒரு கூட்டம் வீடு திரும்பியது. ராடார், வானொலி, நீரடி ஒலி என்று பிரித்தானிய ஆய்வுகூடங்களில் வேலை செய்த இளம் நோர்வே விஞ்ஞானிகள் அவர்கள். கற்றது கலைந்துபோகக் கூடாது என்று 1946 ஏப்ரலில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கினார்கள். அதன் தலைமையகம் ஒஸ்லோவுக்கு வடகிழக்கே, லில்லஸ்ட்ரோமுக்குப் பக்கத்தில், பழைய விமானத்தளம் இருந்த ஷெல்லரில் அமைந்தது. அன்று பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் யென்ஸ் கிறிஸ்தியான் ஹௌகே, ஆக்கிரமிப்புக் காலத்தில் தலைமறைவுப் படையை நடத்தியவர். பின்னர் 1957 முதல் 1983 வரை நிறுவனத்தைத் தலைமை தாங்கி நடத்தியவர் ஃபின் லீட். கோங்ஸ்பேர்க் தொழிற்சாலையை அதே காலத்தில் நடத்தியவர் பியார்னே ஹுர்லன். ஷெல்லரில் யோசிப்பது, கோங்ஸ்பேர்க்கில் செய்வது என்று ஒரு பாதை போட்டவர்கள் இவர்கள்.

அந்தப் பாதையில் முதலில் வந்தது நீர்மூழ்கிகளை வேட்டையாடும் ரொக்கெட் ஆயுதம். தெர்னே என்று பெயர் வைத்தார்கள். அது ஆலாப் பறவை. எங்கள் கரைகளில் வலைக்கு மேலே வட்டமிட்டு, மீனைக் கண்டதும் நேரே கடலில் குத்துமே, அதேதான். ஆயுதமும் அப்படித்தான் மேலே பாய்ந்து நீரில் குத்தி இறங்கும். பெயருக்கும் வேலைக்கும் இவ்வளவு பொருத்தம் பிறகு வரவில்லை. அடுத்த ஆயுதத்துக்கு, பறக்கவே முடியாத பெங்குவினின் பெயர் கிடைத்தது.

1960களின் தொடக்கத்தில் நோர்வேயின் சனத்தொகை 36 இலட்சம். கரையோ, தீவுகளையும் ஃபியோர்டு வளைவுகளையும் சேர்த்து அளந்தால் 1,00,000 கிலோமீற்றருக்கு மேல். வடக்கில் சோவியத் ஒன்றியத்துடன் நில எல்லை. அதற்கு அப்பால் கோலா தீபகற்பத்தில் சோவியத்தின் வட கடற்படை. 1949இல் நேட்டோவில் சேர்ந்திருந்தாலும் சமாதான காலத்தில் அந்நியப் படைத்தளம் வேண்டாம் என்று நோர்வே சொல்லியிருந்தது. ஆகவே எதிரி தரையிறங்கும் கப்பல்களோடு வந்தால், நண்பர்கள் வந்து சேரும்வரை தானே தடுத்து நிற்க வேண்டும். பெரிய கப்பல்கள் வாங்கப் பணமில்லை. சின்ன வேகப்படகுகள் வாங்கலாம். ஒரு படகை ஃபியோர்டுச் சுவரோடு ஒட்டி நிறுத்தி மேலே வலை போட்டு மூடினால் விமானத்தின் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சின்னப் படகின் கையில் எதைக் கொடுப்பது?

இங்கேதான் நோர்வேயின் நிலம் அவர்களை வேறு வழியில் யோசிக்க வைத்தது. கப்பலைத் தேடிப் போகும் ஏவுகணைக்கு அந்தக் காலத்தில் எல்லோரும் வைத்த கண் ராடார். அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதைப் பார்ப்பது. திறந்த சமுத்திரத்தில் அது நல்ல கண். கப்பலைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. நோர்வேக் கரையிலோ கப்பலுக்கு இந்தப் பக்கம் பத்துப் பாறை, அந்தப் பக்கம் ஒரு மலை. எல்லாவற்றிலுமிருந்து எதிரொலி வரும். ராடார் கண்ணுக்கு எது பாறை, எது கப்பல் என்று குழம்பிப்போகும். இன்னொரு கெடுதல், ராடார் தேடத் தொடங்கிய கணமே, "நான் வருகிறேன்" என்று கப்பலுக்குச் சொல்லிவிடும்.

பாறை குளிர்ந்தது. கடலும் குளிர்ந்தது. கப்பலோ இயந்திரமும் புகைபோக்கியும் கொண்ட சூடான பொருள். அப்படியானால் வெப்பத்தைப் பார்க்கும் கண் போதும். அகச்சிவப்புக் கண் எதையும் அனுப்புவதில்லை, சும்மா பார்க்கும். பார்க்கப்படுபவனுக்கு அது தெரிய வழியில்லை. விமானத்தை விரட்டும் ஏவுகணைகளில் இந்தக் கண் ஏற்கெனவே இருந்தது. கடலில் ஓடும் கப்பலுக்கு அதை வைப்பதென்று துணிந்தது ஷெல்லர். நேட்டோ நாடுகளில் கப்பலைத் தாக்கும் ஏவுகணை ஒன்றுக்கு வெப்பக் கண் வைத்தது அதுதான் முதல் தடவை.

கண் ஒன்று மட்டும் போதாது. படகிலிருந்து புறப்படும்போது இலக்கு இந்தத் திசையில், இவ்வளவு தூரத்தில் என்று சொல்லி அனுப்புவார்கள். உள்ளே இருக்கும் சுழலிகள், தான் எவ்வளவு போனேன், எவ்வளவு திரும்பினேன் என்று ஒவ்வொரு கணமும் கணக்கு வைக்கும். அந்தக் கணக்கை நம்பிக் கண்மூடிப் பறந்து, கப்பல் இருக்கக்கூடிய இடம் நெருங்கும்போதுதான் கண்ணைத் திறக்கும். இருட்டில் வீட்டு வாசலைக் காலடி எண்ணிக் கண்டுபிடித்து, கிட்டப் போனதும் விளக்கைத் தேடுவது போல. நேர்கோட்டில் போக வேண்டும் என்றில்லை. திரும்பி வளைந்தும் போகலாம். ஆகவே அது வந்த திசையை வைத்துப் படகு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினம். குறையும் இருந்தது: அடர்ந்த மூடுபனியில் வெப்பக் கண் மங்கிவிடும். நோர்வேக் கடலில் மூடுபனிக்குப் பஞ்சமில்லை. தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார்கள்.

செய்து முடிக்கும் கைகளுக்குப் பழக்கம் கிடைத்தது வேறொரு வேலையில். அமெரிக்காவின் புல்பப் என்ற ஏவுகணையை அனுமதி பெற்று ஐரோப்பாவில் தயாரிக்கும் கூட்டு முயற்சிக்குக் கோங்ஸ்பேர்க் தலைமை தாங்கியது. அடுத்தவன் வரைந்த படத்தைப் பார்த்துச் செய்யும்போதே ஏவுகணையின் ஒவ்வொரு மூட்டும் எப்படி வேண்டும் என்று கற்றுக்கொண்டார்கள். பெங்குவினின் தலையில் வைத்த 120 கிலோ வெடிகுண்டுகூடப் புல்பப்பிலிருந்து வந்ததுதான். செலவில் அமெரிக்காவும் மேற்கு ஜேர்மனியும் பங்கெடுத்தன. அமெரிக்கக் கடற்படை தன் சோதனைக் களங்களைத் திறந்துவிட்டது. ப்ளூஷர் மூழ்கி இருபத்தைந்து வருடம் ஆவதற்குள் ஜேர்மன் பணம் நோர்வேயின் கப்பல் எதிர்ப்பு ஆயுதத்தில் சேர்ந்தது என்பதை நான் இரண்டு தடவை வாசித்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 1967 ஒக்டோபர் 21ஆம் திகதி, எகிப்தின் சின்னப் படகுகள் துறைமுகத்தை விட்டு வெளியே வராமலே சோவியத்தின் ஸ்டிக்ஸ் ஏவுகணைகளை ஏவி இஸ்ரேலின் எய்லாட் என்ற பெரிய போர்க்கப்பலை மூழ்கடித்தன. உலகத்துக் கடற்படைகளுக்கெல்லாம் அன்று தூக்கம் போய்விட்டது. நான்கு வருடம் கழித்து, 1971 டிசெம்பர் 4 இரவு, இந்தியாவின் நிபாட், நிர்காட், வீர் என்ற மூன்று படகுகள் அதே ஸ்டிக்ஸை ஏந்திக் கராச்சிக்கு முன்னால் போய்ப் பாகிஸ்தானின் கைபரை மூழ்கடித்ததைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். சின்னப் படகு பெரிய கப்பலைத் தின்னும் காலம் வந்துவிட்டது. ஆனால் ஸ்டிக்ஸ் இரண்டு தொன்னுக்கு மேல் எடையுள்ள ராடார் கண் ஏவுகணை, திறந்த கடலுக்கானது. பெங்குவின் அதில் ஆறில் ஒரு பங்கு எடைகூட வராது, இடுக்குக் கடலுக்கானது. முதல் வகை 20 கிலோமீற்றர்தான் போகும். ஃபியோர்டுக்குள் அதற்கு மேல் தூரம் எதற்கு?

1972இல் நோர்வேக் கடற்படை பெங்குவினைச் சேவையில் எடுத்தது. ஸ்டோர்ம் வகைப் படகுகள் இருபது இருந்தன. ஒவ்வொன்றும் 36 மீற்றர் அளவு நீளம். பின்தளத்தில் ஆறு பெட்டிகள். மூடியைத் திறந்தால் பெட்டிக்கு ஒரு பெங்குவின். அவ்வளவு சின்னப் படகு, தன்னைவிடப் பல மடங்கு பெரிய கப்பலை ஒரு தீவுக்குப் பின்னால் நின்றே குத்த முடியும். கோட்டைக்குக் கால் முளைத்துவிட்டது.

1980களில் இராமேஸ்வரத்து அப்துல் கலாம் இந்தியாவின் ஹைதராபாத்தில் தலைமை தாங்கிய திட்டத்தில் ஐந்து வகை ஏவுகணைகள் ஒன்றாகத் தொடங்கின; ஒரு பெரிய நாடு தனக்கு வேண்டியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எண்ணியது. நோர்வே ஒரு கரைக்கு ஒரு ஏவுகணை என்று தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் அதிலேயே நின்றது. நெருக்கடியில் பிறந்த அந்த ஒற்றைக் கவனம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெங்குவினைச் சுவீடன், கிரேக்கம், துருக்கி வாங்கின. F-16 போர்விமானத்தின் கீழ் தொங்கும் வகை 1980களில் வந்தது. 1990களில் அமெரிக்கக் கடற்படை தன் சீஹோக் ஹெலிகொப்டர்களில் ஏற்றியது.

அதற்குள் தாய்வீடு இடிந்துவிட்டது. கோங்ஸ்பேர்க் தொழிற்சாலை, ஏவுகணைக்குக் கற்ற கணக்கை வைத்து உலோகம் கடையும் இயந்திரங்களுக்கு வழிகாட்டும் கணினிகளும் செய்தது. கார் பாகம், எரிவாயுச் சுழலி, கப்பல் கருவி என்று எல்லாத் திசையிலும் கிளை விட்டது. 1980களின் முற்பகுதியில் ஜப்பானின் தோஷிபா இயந்திரக் கம்பனி லெனின்கிராட் கப்பல் கட்டும் தளத்துக்கு விற்ற, உலோகம் செதுக்கும் பெரிய இயந்திரங்களுக்குள் கோங்ஸ்பேர்க்கின் கட்டுப்பாட்டுக் கணினிகள் போயின. நீர்மூழ்கியின் சுழல்விசிறியை ஓசையில்லாமல் சுழலும்படி செதுக்கக்கூடியவை அந்த இயந்திரங்கள். மேற்கு நாடுகளின் தடையை மீறிய வியாபாரம். 1987இல் அது வெளியில் வந்தபோது அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்டடத்துக்கு முன்னால் தோஷிபா ரேடியோவைச் சுத்தியலால் உடைத்துக் காட்டினார்கள். சோவியத் கப்பல்களைத் தடுக்கப் பெங்குவின் செய்த கூரையின் கீழிருந்தே இது போனது என்பதுதான் நோர்வேக்காரருக்குப் பொறுக்கவில்லை. கடனிலும் மூழ்கியிருந்த தொழிற்சாலை அதே வருடம் நின்றுபோனது. 173 வருடத்துப் பெயர். பொதுமக்கள் பொருள் செய்த பிரிவுகளை விற்றார்கள். ஆயுதப் பிரிவை மட்டும் அரசு புதுப் பெயரில் காப்பாற்றியது. 1993இல் அது ஒஸ்லோ பங்குச்சந்தைக்கு வந்தது. 1995இல் கோங்ஸ்பேர்க் குழுமம் ஆனது. இன்றும் பாதிக்குச் சற்று மேல் பங்கு அரசின் கையில்.

1996இல் பெங்குவினின் வாரிசுக்கு ஒப்பந்தமானது. புதிய கடல் இலக்கு ஏவுகணை என்பதுதான் பெயர். பறவைப் பெயர் தேடக்கூட இல்லை. கண் அதே குணத்தில் வளர்ந்திருந்தது: எதையும் அனுப்பாமல் பார்க்கும், ஆனால் இப்போது வெப்பப் புள்ளியோடு நில்லாமல் கப்பலின் உருவத்தையே பார்த்து இது எந்த வகைக் கப்பல் என்று அடையாளம் காணும். எடை 400 கிலோவுக்குச் சற்று மேல். போகும் தூரம் 185 கிலோமீற்றருக்கு மேல். அலையை உரசிக்கொண்டு வந்து, கடைசி நேரத்தில் அங்குமிங்கும் நெளிந்து தாக்கும். 2013 ஜூனில் உண்மையான கப்பலில் சோதித்தார்கள். இலக்காக வைத்தது ட்ரொண்ட்ஹைம் என்ற ஓய்வுபெற்ற போர்க்கப்பலை. ஒஸ்லோ வகையைச் சேர்ந்தது. தன் காலத்தில் தெர்னேயையும் பெங்குவினையும் சுமந்தவை அந்த வகைக் கப்பல்கள். பேத்தி ஏவுகணையின் அடியைக் கிழவி நெஞ்சில் வாங்கிக்கொண்டாள். அந்தப் படத்தைப் பார்த்தபோது கப்பலுக்காக எனக்குத் துக்கமாக இருந்தது.

முதலில் வாங்கிய வெளிநாடு போலந்து, 2008இல். கப்பலில் வைக்க அல்ல. லொறிகளில் ஏற்றிக் கரையில் நிறுத்தி வைக்க. ஒஸ்கார்ஸ்போர்க்கின் வேலை மறுபடியும் கரைக்கே வந்தது. 2018இல் அமெரிக்கக் கடற்படை இதைத் தேர்ந்தெடுத்தது. இந்த வீட்டின் இன்னொரு பிள்ளை, அமெரிக்க ஏவுகணைகளைத் தரையிலிருந்து ஏவும் நாசாம்ஸ் என்ற வான்பாதுகாப்பு ஏற்பாடு, 2005 முதல் வாஷிங்டன் வானத்தைக் காக்கிறது. 2022 நவம்பரில் உக்ரைனுக்குப் போனது. 2024இல் கோங்ஸ்பேர்க்கில் புதிய ஏவுகணைத் தொழிற்சாலை திறந்தார்கள். வெள்ளி தேடி வந்த ஊருக்கு இப்போது ஏவுகணை செய்ய ஆட்கள் வருகிறார்கள்.

எங்களுடைய ஆட்களிடம் இதைக் கதைப்பது லேசல்ல. ஷெல் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் குப்புற விழ வேண்டும் என்று நடக்கப் பழகும்போதே பழகியவர்கள் நாங்கள். ஆயுதத்தை எப்போதும் அது விழும் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது செய்யப்படும் பக்கத்தை ரசிக்க மனம் வராது. 2002இல் எங்கள் இலங்கையின் போர்நிறுத்தத்துக்கு நடுவில் நின்றதும் இதே நோர்வேதான். ஆனாலும் பாறைக்குள் நின்று காத்திருந்த அந்த அறுபது வயது அன்டர்சனையும், பாண் பொதிக்குள் துப்பாக்கி கடத்திய தொழிலாளியையும் என்னால் குறை சொல்ல முடியாது. தன் வாசலில் நின்று தடுப்பவனின் ஆயுதம் என்றால் எனக்குப் புரிகிறது. விலைச்சீட்டுக் கட்டிக் கப்பலேறும்போதுதான் என் மனம் குழம்புகிறது.

அந்தக் குழப்பத்துக்கு நோர்வேயிடம் ஒரு காகிதம் இருக்கிறது. போர் நடக்கும் அல்லது போர் மூளும் அபாயமுள்ள இடத்துக்கும், உள்நாட்டுப் போரில் இருக்கும் நாட்டுக்கும் ஆயுதம் விற்பதில்லை என்று 1959இல் பாராளுமன்றம் முடிவெடுத்தது. பல பத்து வருடங்கள் அந்த முடிவு நின்றது. 2024 ஜனவரி முதல் உக்ரைனுக்கு மட்டும் தொழிற்சாலைகள் நேரடியாக விற்க அரசு அனுமதித்தது. ஆக்கிரமிக்கப்பட்டவன் தன் வீட்டைக் காக்கிறான் என்பது காரணம். அந்தக் காரணம் எனக்குச் சரியாகவே படுகிறது. அதேவேளை, 2014இல் நாசாம்ஸ் வாங்க ஒப்பந்தம் செய்த ஓமானைப் போல, மேற்கின் கூட்டணிக்கு வெளியே உள்ள நாடுகளும் வாங்குவோர் பட்டியலில் ஏறிக்கொண்டிருக்கின்றன.

எந்த நாட்டுக்கு எவ்வளவு ஆயுதம் போனது என்று ஒவ்வொரு வருடமும் அரசாங்கம் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். யாரும் எடுத்து வாசிக்கலாம். அட்டவணை அட்டவணையாக, நாட்டின் பெயரும் குரோனர் தொகையும். அது வெளிவந்த நாளில் நான் முதலில் மொத்தத் தொகையைப் பார்ப்பதில்லை. எங்கள் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் பெயர்களைத் தேடி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டு போவேன்.